கையில் ஒருமுறை, காலில் ஒருமுறை

பிறந்ததும் வீறிட்டு அழுதது, பாலும் குடித்தது. மூன்றாம் நாளோ ஒரு வாரம் கழித்தோ அதே குழந்தை துவண்டு, மூச்சு வாங்கி, நீலம் பாய்ந்து மருத்துவமனைக்கு வருகிறது. 'நல்லாத்தானே இருந்துச்சு!' என்று வீட்டார் பதறுவதில் பொய் இல்லை.

கருவில் நுரையீரலுக்கு வேலை கிடையாது. அங்கே போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி 'டக்டஸ் ஆர்டீரியோசஸ்' என்ற குறுக்குக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குத் திரும்பிவிடும். பிறந்த இரண்டு மூன்று நாட்களில் இக்குழாய் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். ஆனால், பெரிய தமனிகள் இரண்டும் இடம் மாறியிருந்தாலோ, நுரையீரலுக்கான வழி அடைபட்டிருந்தாலோ, அதுவரை உயிரைத் தாங்கியது அந்தக் குழாய்தான். அது மூடத் தொடங்கினால் ஆபத்து. முன்பே தெரிந்தால், ப்ராஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றி அதைத் திறந்துவைத்து அறுவை சிகிச்சைக்கு அவகாசம் பெறலாம்.

குழாய் மூடும்போது நீலக் குழந்தைகளின் நிலை மோசமாவதைக் கவனித்தவர் அமெரிக்க மருத்துவர் ஹெலன் டாசிக். அதற்கு ஈடாகச் செயற்கை இணைப்பு ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1944-இல் ஆல்ஃபிரட் பிளாலாக் பொருத்தினார். அந்த முறையை ஆய்வகத்தில் செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் பெறாத கறுப்பினத்தவர் என்பதாலோ என்னவோ, அவர் பெயர் வெளியே வர வெகுகாலம் ஆனது.

பிறவி இதயக் கோளாறு ஆயிரம் குழந்தைகளில் எட்டு முதல் பத்துப் பேருக்கு இருக்கிறது. இவற்றில் சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிவிடும். ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் முதல் ஆண்டிலேயே சிகிச்சை கேட்கும் கடும் கோளாறு. அவற்றில் பலவற்றைக் காட்டிக்கொடுப்பது, கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட பல்ஸ் ஆக்ஸிமீட்டர். பச்சிளம் குழந்தைக்கென உள்ள சென்சாரை வலது கையிலும் ஒரு காலிலும் சுற்றுவார்கள். வலது கைக்கான ரத்தம் குறுக்குக் குழாய்க்கு முன்பே பிரிகிறது. காலுக்கானது அதைத் தாண்டி வருகிறது. பிறந்து 24 மணி நேரம் ஆனபின், ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடனே பரிசோதனை தேவை. கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் நீடித்தாலும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சில நிமிட வேலை, ஊசி இல்லை. கண்ணை மட்டும் நம்ப முடியாது. மாநிறக் குழந்தையிடம் நீலம் தோலில் எளிதில் தெரியாது, நாக்கில்தான் பார்க்க வேண்டும்.

இச்சோதனையிலும் தப்பும் கோளாறுகள் உண்டு. பால் குடிக்கையில் நெற்றி வியர்ப்பது, நாலு வாய் குடித்துவிட்டு இளைப்பது, எடை ஏறாதது, அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவற்றை 'பிள்ளைக்குச் சூடு' என்று தள்ளிவிடாதீர்கள். தாயைக் குறை சொல்வதும் வேண்டாம். பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன், 'ஆக்ஸிஜன் அளவைக் கையிலும் காலிலும் பார்த்தாச்சா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.