இடைவேளைக்குள் பொங்கிவிடும் பால்

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வீடே ஹாலில் டிவி முன்னால் உட்கார்கிறது. படம் சூடு பிடிக்கிறது; பாலும்தான். ‘ஐயோ, பால்!’ என்று யாராவது எழுந்து ஓடுவதற்குள் பர்னர் நுரையில் மூழ்கியிருக்கும். அதன்பிறகு, வைத்தது யார், பார்த்துக்கொள்ள வேண்டியது யார் என்று ஒரு பஞ்சாயத்து. பொங்கலன்றும் கிரகப்பிரவேசத்திலும் பால் பொங்கினால் மங்கலம். மற்ற நாளில் பொங்கினால் மேடை துடைக்கும் வேலை.

இந்தச் சின்ன விபத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பாத்திரத்துக்குள், இன்னொன்று மண்டைக்குள்.

தண்ணீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் அப்படி உடைவதில்லை. பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன. சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மோர்ப்புரதங்கள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். மேற்பரப்பில் நீர் ஆவியாக ஆக, அங்கே புரதமும் கொழுப்பும் செறிந்து ஆடை படியும். அடியிலிருந்து எழும் நீராவிக் குமிழி ஒவ்வொன்றையும் புரதப் படலம் போர்த்திக்கொள்வதால் அவை சுலபத்தில் உடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆடையையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்.

ஏன் அவ்வளவு திடீரென்று? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த அரை லிட்டர் பால். அடுப்பிலிருந்து பாலுக்குள் போகும் வெப்பம் 1 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். கொதிநிலைக்கு வர ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும். அதுவரை பாத்திரத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. கொதிநிலையைத் தொட்டபின், அதே வெப்பம் விநாடிக்கு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான நீரை ஆவியாக்கும். அரை கிராம் அற்பம்தான். ஆனால் நீர் ஆவியானால் அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அதாவது, விநாடிக்கு முக்கால் லிட்டரை நெருங்கும் ஆவி! அத்தனையும் நுரையில் சிக்கினால் எந்தப் பாத்திரம் தாங்கும்? மூன்று நிமிடம் சாதுவாக இருந்த பால் ஓரிரு விநாடியில் விளிம்பைத் தாண்டுவது இதனால்தான்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் ஊரின்மேல் பழி போடப் பார்ப்பார்கள். தக்காணப் பீடபூமியில் இருக்கும் இந்த ஊர், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் இங்கே 98 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆனால் நம் கணக்குப்படி இதனால் பால் முந்துவது மூன்று நான்கு விநாடிதான். ஊரை விட்டுவிடலாம்.

இனி மண்டைக்குள். ஒருவர் மறந்தால் கவனக்குறைவு எனலாம். வீட்டில் எல்லாருமே ஒரே நேரத்தில் மறப்பது எப்படி? யூரி ஹாசனும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் அரை மணி நேரப் பகுதியைப் பார்த்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். தனித்தனியாகப் பார்த்தும், மூளைப் புறணியின் பல பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. 2008-இல் வந்த அடுத்த ஆய்வில், ஹிட்ச்காக் இயக்கிய ஒரு தொலைக்காட்சிப் படத்துக்குப் புறணியின் 65 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதியில் ஒத்த எதிர்வினை தெரிந்தது. பூங்காவில் கேமராவைச் சும்மா வைத்து எடுத்த காட்சிக்கு 5 சதவீதம்கூட இல்லை. விறுவிறுப்பாக வெட்டித் தொகுத்த படம் எல்லார் கவனத்தையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கிறது.

காதுக்கு என்ன ஆனது? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நில்லி லாவி குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. கண்ணுக்குக் கடினமான வேலை கொடுத்தால், ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினையே குறைந்துவிடுகிறது. அடுப்பின் மெல்லிய ‘உஸ்’ சத்தத்தைக் கேட்டும் அலட்சியம் செய்தோம் என்று சொல்வது சரியில்லை. அது உண்மையிலேயே நமக்குக் கேட்காமல் போகலாம். அதனால் வீட்டில் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை.

நினைவை நம்பாமல் பாத்திரத்தை நம்பலாம். இரட்டைச் சுவர் கொண்ட மில்க் குக்கரில் இடையே இருக்கும் தண்ணீர், தன் கொதிநிலைக்கு மேல் சூடேறாது. பால் கொதிக்க அதைவிடச் சற்றே கூடுதல் சூடு வேண்டும், அதனால் பொங்காது. விசிலும் காதைத் துளைக்கும். மில்க் குக்கர் இல்லையென்றால் அகலப் பாத்திரம், சிறு தீ, போனில் அலாரம்.

பொங்கிய பால் தீயை அணைத்துவிட்டால் மட்டும் விளையாட்டில்லை. தானாக நிற்கும் வசதி இல்லாத அடுப்பில் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். வாசனை வந்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். வெளியே வந்தபின் 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். படத்தின் மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.