தைராய்டு டெஸ்ட் எடுக்கப் போறீங்களா? முடி மாத்திரையையும் சொல்லிடுங்க!

மண்ணச்சநல்லூரிலிருந்து காலையில் பஸ் ஏறி, திருச்சியில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். மாலையில் கைபேசிக்கு ரிப்போர்ட் வந்துவிடுகிறது. டி.எஸ்.எச். என்பதற்கு எதிரே ஓர் எண். அதன் கீழே சின்ன எழுத்தில் 'சி.எல்.ஐ.ஏ. முறை' என்று இருக்கும். அது என்னங்க?

ஒளியை எண்ணும் கருவி

கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியை வேலை வாங்குவது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். ஏறும்; அதிகமாகச் சுரந்தால் இறங்கும். பெரியவர்களுக்கு லிட்டருக்குச் சுமார் 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும்.

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளப்பது? டி.எஸ்.எச்.-ஐ மட்டும் பிடிக்கும் இரண்டு எதிர்ப்பொருட்களை ரத்த மாதிரியில் கலப்பார்கள். ஒன்று அதைக் காந்தத் துகளோடு கட்டி வைக்கும். இன்னொன்றில் ஒளிதரும் வேதிப்பொருள் இருக்கும். ஒட்டாததைக் கழுவிவிட்டால், மிச்சமிருப்பது மின்மினிப் பூச்சி போல ஒளிரும். ஒளி கூடினால் டி.எஸ்.எச். கூடுதல் என்று அர்த்தம். முன்பு இதே வேலைக்குக் கதிரியக்க அயோடினைப் பயன்படுத்தினார்கள். அந்த முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது.

முடி மாத்திரை செய்யும் குழப்பம்

முடி, நகம் வளர என்று கடையில் வாங்கும் பல மாத்திரைகளில் பயோட்டின் இருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். சில மாத்திரைகளில் 10 மில்லிகிராம், அதாவது 300 மடங்குக்கும் மேல்!

சில கருவிகளில் எதிர்ப்பொருளைக் காந்தத் துகளோடு கட்டும் 'கயிறே' பயோட்டின்தான். ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கட்டு போடவே இடம் கிடைக்காது, ஒளி குறைந்துவிடும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும், டி4 பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். நல்லா இருப்பவருக்கு நோய் இருப்பது போலத் தெரியலாம். தைராய்டு குறைவு உள்ளவருக்கு 'எல்லாம் சரி' என்றும் வரலாம். இதை நம்பி மாத்திரை அளவை மாற்றினால் சிக்கல் உங்களுக்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கைபேசியில் படம் எடுத்து மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் காட்டுங்கள்.
• பயோட்டினைக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக அளவு சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் தேவைப்படலாம். மருத்துவர் எழுதித் தந்ததாக இருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.
• தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், அன்று ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.
• ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகம், ஒரே காலை நேரம் என்றால் ஒப்பிடுவது எளிது.
• கர்ப்பிணிகளுக்கு இயல்பு அளவே வேறு. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

ரிப்போர்ட் எண்ணும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகவில்லையா? பயப்பட வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், அல்லது 104-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்கள்.