தபால் பையோடு ஒரு பிரயாணம்

கடிதம் போகும் வழி – 6

தென் ஆஸ்திரேலியாவின் பாலைப் பிரதேசத்தில், வெயிலுக்கு அஞ்சிப் பூமியைக் குடைந்து வீடு அமைத்து ஜனங்கள் வாழும் கூபர் பெடி என்ற ஊர், 1915-இல் அங்கே ஓப்பல் என்னும் இரத்தினக்கல் அகப்பட்ட நாள் முதலாகப் பிரசித்தி பெற்றது. இந்த வாரம் நாம் போகவேண்டியது அந்தச் சுரங்கங்களுக்கு அல்ல. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் அவ்வூரிலிருந்து புறப்பட்டு, ஊடநாடத்தா, வில்லியம் கிரீக் என்ற இரண்டு சிற்றூர்களுக்கும் வழியிலுள்ள மாட்டுப் பண்ணைகளுக்கும் தபால் சேர்த்துவிட்டு, சுமார் 600 கிலோமீட்டர் மண் சாலையைச் சுற்றி அன்றைக்கே திரும்பிவிடும் தபால் வண்டியில்தான் நமக்கு இடம். கட்டணம் கொடுத்தால் பிரயாணிகள் சிலரையும் அது ஏற்றிக்கொள்கிறது.

ஊரை விட்டு அகன்றதும் சந்திர சமவெளி என்று பெயரிடப்பட்ட வெட்டவெளி வருகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் சமுத்திரத்தின் அடித்தளமாயிருந்த அந்த நிலத்தில் மரத்தின் நிழல் என்பதே இல்லை. ஆயினும் குனிந்து பார்ப்பவர்களுக்கு, பழுப்பு மண்ணிடையே ஜிப்சத் துண்டுகள் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போல் மின்னுவது தெரியும். அப்பால், டிங்கோ என்னும் காட்டு நாய்களிடமிருந்து ஆட்டு மந்தைகளைக் காக்க 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பிவேலி குறுக்கிடுகிறது.

ஊடநாடத்தாவுக்கு 1891-இல் ரயில் வந்தது. அதற்கு வடக்கே, 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரையில் தண்டவாளம் நீளும்வரை, ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் சென்று குடியேறியவர்கள் ஒட்டகங்களின்மேல் சரக்குகளைச் சுமந்துகொண்டு போனார்கள். அந்தப் பழைய ரயில் பாதையும் 1980-இல் கைவிடப்பட்டது. 1960 ஜனவரி 2-ஆம் தேதி 50.7 டிகிரி வெப்பம் பதிவான அவ்வூரில் தபாலுக்காகக் காத்திருக்கும் மனிதர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள்.

உல்லாசப் பிரயாணத்தில் அழகுள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். இங்கேயோ விலாசம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கிறது. ஆகையால், வெறும் சூனியமென்று நாம் நினைத்துவிடக்கூடிய அந்த விசாலமான பூமி, குடித்தனம் நடக்கும் பூமியாகவே நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. உலகத்திலேயே மிகப் பெரியதென்று பெயர் பெற்ற அன்னா கிரீக் மாட்டுப் பண்ணையும் இந்த வழியில்தான் உள்ளது. மழை பெய்தால் மண் சாலையை அடைத்துவிடுவார்கள். அப்போது கடிதமும் காத்திருக்க வேண்டியதுதான்.

சிட்னி நகரில் பக்கத்துத் தெருவுக்குப் போகும் சாதாரணக் கடிதத்திற்கும், இந்தப் பண்ணை வீட்டுக்கு வரும் கடிதத்திற்கும் தபால்தலையின் விலை ஒன்றே. தூரத்தில் வாழ்கிறவனும் தன்னைச் சேர்ந்தவனே என்று ஒரு தேசம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. அந்த ஒப்புதல் எத்தனை புழுதியையும் எத்தனை மணி நேர உழைப்பையும் விலையாகக் கேட்கிறது என்பதை, தபால் பையின் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்து சென்றவர்கள் நன்றாக அறிவார்கள்.

அடுத்த வாரம்: நியூசிலாந்தின் பெலோரஸ் கடற்கழியில் ஒரு தபால் படகு.