உங்களுக்குத் தெரியுமா? ஊர்க் கணக்கு ஊருக்கே!

ஏற்காடு மலையடிவாரத்தில், சேலத்தை ஒட்டி இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. அந்த ஊரைப் பற்றியும், அது போன்ற ஆயிரக்கணக்கான ஊர்களைப் பற்றியும் அரசுத் துறைகள் ஆண்டுக்கணக்காகத் தகவல் சேர்த்து வருகின்றன. மக்கள்தொகை, மழை, பாறை, நிலத்தடி நீர் என்று எல்லாமே நம் வரிப்பணத்தில் எடுத்த கணக்கு. அதில் பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடியே இலவசமாகப் பார்க்கலாம்.

■ ஊரா, நகரமா?
சென்சஸ் அட்டவணையில் கொண்டப்பநாயக்கன்பட்டி ஒரு 'சென்சஸ் டவுன்'. பேரூராட்சி, நகராட்சி என்று அறிவிக்கப்படாத ஓர் ஊர் இந்தப் பட்டியலில் ஏற மூன்று நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 5,000 பேர் வசிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆண்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். 2011 சென்சஸின் ஊர் வாரி அட்டவணைகளை எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

■ உங்கள் வீட்டுக் கணக்கு ரகசியம்
ஊர்த் தொகை எல்லோருக்கும் திறந்தது. ஆனால் கணக்கெடுப்பாளரிடம் நீங்கள் சொன்ன குடும்ப விவரத்தைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. 1948-ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கைத் தவிர வேறு எந்த வழக்கிலும் அந்த விவரம் சாட்சியமாகாது. தகவலைத் திறந்து வைப்பது என்றால் தனி மனிதரைக் காட்டிக் கொடுப்பது அல்ல.

■ காலை எட்டரை மணி
"நேற்று எவ்வளவு மழை?" என்ற கேள்விக்கு வானிலைத் துறையின் பதில் நள்ளிரவுக் கணக்கு அல்ல. முந்தைய நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததே ஒரு நாள் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர்! 6,955 மழைமானிகளின் அளவுகளை வைத்து, 1901 முதல் நாள் வாரியாகத் தொகுத்த இந்திய மழைக் கணக்கைப் புனேயில் உள்ள வானிலைத் துறை அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

■ கிணற்றுக்குள் நான்கு முறை
மத்திய நிலத்தடி நீர் வாரியம் தேர்ந்தெடுத்த கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. 'இந்தியா-விரிஸ்' தளத்தில் அந்த அளவுகள் உள்ளன. போர்வெல் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு இது.

■ கல்லுக்கும் முகவரி வேண்டும்
இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடி ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர். 1860-களில் சேலம் மாவட்டப் பாறைகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே குடியிருந்தார். தான் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். எந்தக் கருவி எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பும் அவற்றோடு சேர்ந்தே இருந்தது. அந்தக் குறிப்புதான் உயிர். அது இல்லாவிட்டால், எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் இருப்பது வெறும் கல் குவியல். எங்கே, எப்போது, எப்படி எடுத்தது என்று சொல்லாத தகவலுக்கும் இதே கதிதான்.

■ சூரியனின் நூறாண்டுப் படங்கள்
கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படம் பிடித்து வருகிறது. கண்ணாடித் தகடுகளில் இருந்த அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கி இணையத்தில் வைத்துள்ளது. சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறி இறங்க ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். பல சுற்றுகளை ஒப்பிட இது போன்ற பழைய படங்கள்தான் கதி. 1910-இன் சூரியனை இன்று போய்ப் படம் எடுக்க முடியாதே!

■ நிலவில் ஒரு புள்ளி
2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. அந்த இடத்தின் படத்தை நாசா எல்லோருக்குமாக வெளியிட்டது. மதுரையைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் சண்முக சுப்ரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2 அன்று நாசா உறுதி செய்தது. படம் பூட்டிக் கிடந்திருந்தால் அந்தக் கண் அதைப் பார்த்திருக்காது.

■ பறவைக் கணக்கு
பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து 'இ-பேர்ட்' தளத்தில் பதிகிறார்கள். இப்படி நாடெங்கும் 30,000-க்கும் மேற்பட்டோர் பதிந்த சுமார் 3 கோடி குறிப்புகளைக் கொண்டுதான் 942 பறவை இனங்களின் நிலையை 2023-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் அறிக்கை மதிப்பிட்டது. அறிவியல் தகவலைச் சேர்க்க அரசு வேலை தேவையில்லை, பொறுமை போதும்.

■ கொள்கை சொல்வது
பொதுப் பணத்தில் திரட்டிய தகவலைப் பகிர வேண்டும் என்ற தேசியக் கொள்கை 2012-இல் வந்தது. அதற்கான பொதுத் தளம் 'டேட்டா.கவ்.இன்'. 2017-இல் வந்த உரிம விதிப்படி, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டால் போதும். அந்தத் தகவலை வைத்து ஆய்வும் செய்யலாம், தொழிலும் செய்யலாம்.

■ ஒரே ஊர், பல பெயர்
கொண்டப்பநாயக்கன்பட்டியில் வரும் 'க்க'வை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'சி, கே' போடுவார். இன்னொருவர் இரண்டு 'கே' போடுவார். மற்றொருவர் ஒன்றோடு நிறுத்துவார். நமக்கு ஒரே ஊர். கணினிக்கு மூன்று ஊர். ஒரு துறையின் பட்டியலை இன்னொன்றோடு சேர்த்தால் பாதி ஒட்டாது. இதற்காகத்தான் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனி எண் கொடுத்திருக்கிறது. பெயரோடு அந்த எண்ணையும் எல்லாத் துறைகளும் எழுதினால் பாதித் தலைவலி தீரும்.

■ தேடினால் கிடைக்காத தமிழ்
வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினி சேமித்திருப்பதோ வேறு குறிகள். அதனால் அதில் ஊர்ப் பெயரை யூனிகோடில் தேடினால் சிக்காது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை.

■ எத்தனை நட்சத்திரம்?
உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ திறந்த தகவலுக்கு ஐந்து நட்சத்திர அளவுகோல் வகுத்தார். ஸ்கேன் செய்து போட்ட பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம். எக்செல் அட்டவணைக்கு இரண்டு. எந்த மென்பொருளிலும் திறக்கும் 'சிஎஸ்வி' கோப்புக்கு மூன்று. ஸ்கேன் படத்தில் உள்ள எண்ணைக் கூட்ட வேண்டுமானால் மறுபடி கையால் அடிக்க வேண்டும். அதைத் திறந்த தகவல் என்று சொல்லித் திருப்திப்படக் கூடாது.

■ பத்து ரூபாயில் உங்கள் உரிமை
தகவல் உரிமைச் சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. நாடு முழுவதற்குமான 2005 சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவிலேயே கேட்டுப் பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. அடுத்த முறை உங்கள் ஊர் மழையையோ நீர்மட்டத்தையோ பள்ளிக் கணக்கையோ கேட்டு மனு எழுதும்போது, "எக்செல் கோப்பாகத் தரவும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.