சாலையோரக் கற்காலம்

கார்ட்டூன் நெட்வொர்க் 1995ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கால்களைத் தரையில் ஊன்றி, ஓடியே கார் ஓட்டுகிற ஒரு குண்டு மனிதர் அவர்கள் எல்லோருக்கும் நினைவிருப்பார். புள்ளி போட்ட ஆரஞ்சு உடை, கழுத்தில் நீலத் துணி, வாயைத் திறந்தால் ஒரே கூச்சல். பெயர் ஃப்ரெட் ஃபிளிண்ட்ஸ்டோன். மனைவி வில்மா, பக்கத்து வீட்டு நண்பன் பார்னி, நாய்க்குப் பதிலாக டைனோ என்ற டைனோசர். ஊர் பெயர் பெட்ராக்.

நம் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தெரிந்த இந்தத் தொடர் உண்மையில் அவர்களுடைய அப்பா அம்மா வயதுடையது. ஹன்னா-பார்பெரா நிறுவனம் தயாரித்து, 1960 செப்டம்பர் 30 முதல் 1966 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 166 பகுதிகளாக ஓடியது. குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் இரவு நேரத்தில் அங்கே ஒளிபரப்பான முதல் கார்ட்டூன் தொடர் இதுதான். கற்காலம் என்பது வெறும் வேஷம். கார், காரில் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளி சினிமா, சமையலறைக் கருவிகள் என்று 1960ஆம் ஆண்டு அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கையைத்தான் கல்லும் எலும்புமாக மாற்றிக் காட்டினார்கள். வீடு பெருக்க ஒரு குட்டி யானை, இசைத்தட்டு பாட ஒரு பறவையின் அலகு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கற்பனைதான்.

இந்தப் படத்து ஊரை நிஜமாகவே கட்டி, வாசலில் டிக்கெட் வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பத்தின் கோடை விடுமுறை என்றால் அது காரில்தான். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தது. அடுத்த ஆண்டே ஏறக்குறைய 66,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விரைவுச் சாலைகள் போடச் சட்டம் வந்தது. பின் சீட்டில் இரண்டு மூன்று குழந்தைகள், இன்னும் எத்தனை தூரம் என்ற நச்சரிப்பு. அந்த நச்சரிப்பை நம்பித்தான் சாலையோரம் நெடுகக் கடை விரித்தார்கள். டிஸ்னி அளவுக்கு முதல் போட முடியாத உள்ளூர்க் குடும்பங்களுக்கு ஒரு வழி இருந்தது. குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கார்ட்டூன் பாத்திரத்தைக் கட்டணம் கொடுத்து உரிமம் வாங்கிக்கொள்வது. விளம்பரம் பாதி தானாக நடந்துவிடும்.

அப்படித்தான் 1966இல் தெற்கு டகோட்டா மாநிலத்தின் கஸ்டர் என்ற சிற்றூரில் முதல் பெட்ராக் சிட்டி வந்தது. நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை மலையில் செதுக்கிய ரஷ்மோர் மலை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பூங்காவுக்குள்ளேயும் ஒரு குட்டி ‘ராக்மோர்’ மலை செய்து, ஃப்ரெட், பார்னி, டைனோ முகங்களை வைத்தார்கள்! 1972இல் அரிசோனாவில் வேலி என்ற இடத்தில் இரண்டாவது பெட்ராக் சிட்டி. இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் முக்கு அது. அங்கிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் போனால் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு.

ஃபிளிண்ட்ஸ்டோன் ஊரைக் கட்டுவதில் ஒரு வசதி உண்டு. கற்கால வீட்டுக்கு நேர்கோடே தேவையில்லை. கம்பி கட்டி, சிமெண்ட் அப்பி, உருட்டிவிட்டு, பளீரென்று வண்ணம் அடித்தால் வீடு. நம் ஊர்க் கோபுரத்துச் சுதை வேலை தெரிந்தவர் யாரும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார். சுதைக்கு வருகிற வினையும் அதற்கு உண்டு. வெயிலில் வெளுக்கும், மழையில் விரியும். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று ஊர் கூடிப் பணம் போடுகிறது. ஃப்ரெட் வீட்டுக்கு வர்ணம் அடிப்பது டிக்கெட் காசில்தான் நடக்க வேண்டும்.

2014இல் மகள், மருமகன், ஐந்து வயதுப் பேரனோடு கிராண்ட் கேன்யன் போனபோது அரிசோனா பூங்காவில் நாங்கள் இறங்கினோம். மகள்தான் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலையோரத்தில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு உயரமாக ஃப்ரெட்டின் உருவப் பலகை. உள்ளே ஆளுக்கு ஐந்து டாலர். மரமில்லாத பொட்டல், காற்றும் புழுதியும். ஆரஞ்சும் மஞ்சளுமாக உருண்டை வீடுகள், உள்ளே கல் நாற்காலி, கல் படுக்கை. ஒரு டைனோசரின் முதுகில் ஏறி வால் வழியாகச் சறுக்கலாம். ஒரு கூடத்தில் பழைய கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திர ராட்டினம் மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை. “அம்மா, இதுக்கா வந்தோம்?” என்று பேரன் கேட்கவில்லை, அவன் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டிருந்தான். ஆனால் “இந்த அங்கிள் யாரு?” என்று ஃப்ரெட்டைக் காட்டிக் கேட்டான். மகள் ஒவ்வொரு வீடாகக் காட்டிக் கதை சொன்னாள். இது பார்னி வீடு, இது பெப்பிள்ஸ் தொட்டில். அவள் முகத்தில் பத்து வயசு. ஊருக்குப் போகும்போது நான் அவளுக்கு எங்கள் தெருவைக் காட்டிக் கதை சொல்வேனே, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இவள் பிறந்து வளர்ந்தது தில்லி. பெட்ராக்கை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறாள்.

இந்த மாதிரிப் பூங்காக்கள் ஏன் மறைகின்றன என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள்: புதிய விரைவுச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, பழைய சாலை வெறிச்சோடியது. பல இடங்களுக்கு அது சரி. அதே அரிசோனாவில் வில்லியம்ஸ் என்ற ஊரை, ரூட் 66 நெடுஞ்சாலையின் கடைசி ஊராக, 1984இல் விரைவுச் சாலை தாண்டிப் போனது. மறு ஆண்டு அந்தப் பழைய நெடுஞ்சாலையையே அரசுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பெட்ராக்குக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பது என் எண்ணம். அது நின்ற சாலை காலியாகவே இல்லை. கிராண்ட் கேன்யனுக்கு 2018இல் மட்டும் 60 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் ஃப்ரெட்டைக் கடந்துதான் போனார்கள். நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சாலையில் வண்டிகள் குறையவில்லை, அறிமுகம்தான் குறைந்தது. கார்ட்டூனைப் பார்த்த குழந்தை அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தது, முதல் தலைமுறை. அந்தக் குழந்தை வளர்ந்து தன் குழந்தையை இழுத்து வந்தது, இரண்டாவது. கேபிள் வந்து பழைய படங்களைத் திரும்பப் போட்டதாலும், 1994இல் நிஜ நடிகர்களை வைத்துத் திரைப்படம் எடுத்ததாலும் இந்த இரண்டாம் சுற்று கொஞ்சம் நீண்டது. மூன்றாவது சுற்றில் இழுப்பவர் பெற்றோர்; குழந்தைக்கு யாரென்றே தெரியாது. பின் சீட்டின் நச்சரிப்பை நம்பிய தொழில் அதோடு படுத்துவிடும்.

இன்னொரு சங்கடம், பெயர் இரவல். படைப்பாளிகளின் நிறுவனம் கை மாறிக்கொண்டே இருந்தது; 1991இல் டர்னர் வாங்கினார், 1996இல் டைம் வார்னரோடு சேர்ந்தது. பூங்காக்காரர் அங்கேயே பெருக்கிக்கொண்டு, வர்ணம் அடித்துக்கொண்டு இருப்பார். உரிமம் தருகிற கை எங்கேயோ இருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரைடல் ஃபால்ஸ் என்ற இடத்தில் இருந்த பெட்ராக் சிட்டி 1990களில் உரிமத்தை இழந்தது. அதே இடத்தில் டைனோடவுன் என்று புதுப் பெயர் வைத்து, சொந்தமாகப் பாத்திரங்களை உருவாக்கி நடத்தினார்கள். 2010இல் அதையும் மூடினார்கள். ஊரார் கடைசிவரை அதை ஃபிளிண்ட்ஸ்டோன் இடம் என்று சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதைவிட வேடிக்கை ஆர்கன்சாவில் நடந்தது. ஆல் கேப் வரைந்த ‘லில் ஆப்னர்’ என்ற நாளிதழ்ச் சித்திரக்கதை 1934இல் தொடங்கியது. மலைநாட்டு ஏழை ஜனங்களைக் கிண்டல் செய்யும் கதை. அதில் வரும் கற்பனை ஊர் டாக்பேட்ச். 1968இல் ஓசார்க் மலைப்பகுதியில், 7ஆம் எண் நெடுஞ்சாலையோரம், டாக்பேட்ச் யுஎஸ்ஏ என்ற பூங்கா திறந்தது. பக்கத்திலிருந்த மார்பிள் ஃபால்ஸ் என்ற நிஜ ஊர், தன் பெயரையே டாக்பேட்ச் என்று மாற்றிக்கொண்டது! 1977இல் ஆல் கேப் கதையை நிறுத்திக்கொண்டார். நாளிதழில் முகம் காட்டாத பாத்திரங்களோடு பூங்கா மேலும் பதினாறு ஆண்டு இழுத்துப் பிடித்து, 1993இல் மூடியது. 1997இல் ஊர் தன் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. கேலிச் சித்திரத்துக்காகப் பெயர் மாற்றிக்கொண்ட ஊராரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

எல்லாமே போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அதே ஹன்னா-பார்பெராவின் யோகி கரடி பெயரில் 1969இல் விஸ்கான்சினில் ஆரம்பித்த ஜெல்லிஸ்டோன் முகாம்கள் இன்றும் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கின்றன. காரணம் எளிது. அங்கே கூடாரம் அடித்துத் தங்கலாம், நீந்தலாம், சமைக்கலாம். கரடி யாரென்று தெரியாத குழந்தைக்கும் வேலை இருக்கிறது. பெட்ராக்கில் ஃப்ரெட்டைத் தெரியாவிட்டால் மிச்சம் இருப்பது சிமெண்ட்.

இதைப் படிக்கும் தில்லி அன்பர்களுக்கு அப்பு கர் ஞாபகம் வந்திருக்கும். அது நெடுஞ்சாலையோரம் இல்லை, பிரகதி மைதானத்தில். அப்புவும் கார்ட்டூன் தொடரில் வந்தவன் அல்ல, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான குட்டி யானை. ஆனாலும் 1984இல் திறந்தபோது அந்தப் பெயரே பாதிக் கூட்டத்தை அழைத்து வந்தது. ஆசியாட் என்றால் என்னவென்றே தெரியாமல் பின்னால் வந்த குழந்தைகளும் ராட்டினத்துக்காக வந்துகொண்டிருந்தார்கள். 2008இல் அதை மூடியது ஆள் வராததால் அல்ல. உச்ச நீதிமன்ற விரிவாக்கம் உள்ளிட்ட பணிகளுக்கு நிலம் தேவைப்பட்டது. அந்தச் சாவு வேறு, இந்தச் சாவு வேறு.

கஸ்டரின் பெட்ராக் சிட்டி 2015ஆம் ஆண்டுக் கோடையோடு முடிந்தது. அரிசோனா பூங்காவை அதே ஆண்டு 20 லட்சம் டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வைத்தார்கள். நிலத்தை விற்கலாம், சிமெண்ட் வீடுகளை விற்கலாம். ஃப்ரெட்டை விற்க அந்தக் குடும்பத்துக்கு உரிமை கிடையாது. கடைசியில் 2019 தொடக்கத்தில் பெட்ராக் மூடப்பட்டது. வாங்கியவர் அந்த இடத்துக்கு ராப்டர் ராஞ்ச் என்று பெயரிட்டு, பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளைப் பறக்கவிட்டுக் காட்ட ஆரம்பித்தார். பழைய வீடுகளை இடித்துத் தள்ளிவிடவில்லை. பறவை பார்க்க வந்தவர்கள் சுற்றி வர விட்டுவைத்தார். ராப்டர் என்றால் இன்றைய குழந்தைகளுக்கு ஒருவகை டைனோசர்தான் நினைவுக்கு வரும். அப்படி நினைத்துக்கொண்டு இறங்கி ஓடியவர்களும் இருந்திருப்பார்கள்.