புதையல் கருவி விலையில் என்ன சூட்சுமம்? தள்ளுபடி கிடையாதாம்... கொசுறு உண்டாம்!

2009-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியில் ஒரு விவசாயியின் வயல்.

வேலையில்லாத ஆசாமி ஒருவர், கையில் பழைய மெட்டல் டிடெக்டருடன் அந்த வயலை அங்குலம் அங்குலமாக அளந்து கொண்டிருந்தார்.

கருவி 'கீங்' என்று கத்தியது. தோண்டினார். தங்கம்!

இரண்டு அடி தள்ளிப் போனார். மறுபடியும் தங்கம்!

பெரும்பாலும் ஆயிரம் வருடத்துக்கு முந்திய போர்வாள்களின் கைப்பிடி அலங்காரங்கள். மொத்தம் சுமார் 4 கிலோ தங்கம். நிபுணர் குழு போட்ட மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. கண்டெடுத்தவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி!

அந்தக் கருவியை அவர் என்ன விலைக்கு வாங்கினாராம் தெரியுமா? பழைய சாமான் சந்தையில் வெறும் இரண்டரை பவுண்டுக்கு!

இது ஒரு பக்கம்.

2015-ல் ஆஸ்திரேலியாவின் மைன்லேப் கம்பெனி தங்கம் தேடும் புது மாடல் ஒன்றை இறக்கியது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 10 ஆயிரம் டாலர்! ஒரு பழைய கார் வாங்கி விடலாம்.

ஒரே பொழுதுபோக்கு. ஒரே மாதிரி நீளக் கம்பு, அடியில் வட்டத் தட்டு. விலையில் மட்டும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம். ஏன்?

பத்துக் கடை, ஒரே விலை!

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இது லீவு நாள் விளையாட்டு. கடற்கரையில் தொலைந்த மோதிரம், வயலில் புதைந்த நாணயம், தங்க வயல்களில் தங்கக் கட்டி என்று தேடிக்கொண்டு அலைகிறார்கள்.

சாதாரணக் கருவி 150 டாலரிலேயே கிடைக்கிறது. நல்ல நடுத்தரக் கருவிக்கு 500 முதல் 1,000 டாலர் வரை ஆகும். தங்கத்துக்கென்றே செய்த கருவிகள் பல ஆயிரம் டாலர்.

அமெரிக்காவில் ஒருவர் புதுக் கருவி வாங்கப் புறப்படுகிறார் என்று வைத்துக் கொள்வோம். பத்து டீலர்களின் விளம்பரத்தைப் பார்க்கிறார். பத்திலும் ஒரே விலை! ஒரு டாலர்கூட வித்தியாசம் கிடையாது.

டீலர்கள் எல்லாம் கூடிப் பேசி வைத்துக் கொண்டார்களா? இல்லை. விலையைக் கட்டிப் போடுவது கம்பெனி!

"இந்த விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது" என்று கம்பெனி ஒரு கோடு போடுகிறது. கோட்டைத் தாண்டும் டீலருக்குச் சரக்கு நின்று விடும்.

நம்ம ஊர்ப் பாக்கெட்டில் அச்சடித்திருப்பது மேல் விலை. அதற்கு மேல் வாங்கினால் குற்றம். அங்கே நேர் எதிர். அதற்குக் கீழ் விளம்பரம் செய்தால் குற்றம்!

போன் போட்டால் பேரம்

ஆனால் கோட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது.

கம்பெனி கட்டிப் போடுவது விளம்பர விலையைத்தான். கடைக்குள் நின்று பேசும்போதும், போனில் பேசும்போதும் டீலர் என்ன விலை சொல்கிறார் என்பது பல சமயம் அவர் இஷ்டம். அதனால்தான் சில விளம்பரங்களில் விலையே இருக்காது. "போன் செய்து கேளுங்கள்" என்று மட்டும் இருக்கும்.

ரொக்கத்தைக் குறைக்கத் தயங்கும் டீலர் வேறு வழியில் குறைக்கிறார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"இதுதாங்க விலை. இதுல கை வைக்க முடியாது."

"அப்போ அடுத்த கடையைப் பார்க்கிறேன்."

"இருங்க, இருங்க! ஹெட்போன் தர்றேன். தோண்டுற கரண்டி, பை, தொப்பி எல்லாம் சும்மா தர்றேன். பழைய மெஷின் இருந்தா கொண்டாங்க, எடுத்துக்கிறேன்!"

இதுதான் கொசுறு வியாபாரம்! கொசுறின் மதிப்பு சில சமயம் 100 டாலரையும் தாண்டும். குழிக்குள் விட்டு நாணயம் எந்த மூலையில் கிடக்கிறது என்று காட்டும் 'பின்பாயிண்டர்' என்ற சின்னக் குச்சிதான் கொசுறில் ராஜா. பழைய கருவிக்கு ஈடாகப் போடும் விலையும் ஒரு மறைமுகத் தள்ளுபடிதான்.

ஆனால் கொசுறிலும் ஒரு தந்திரம் உண்டு. "300 டாலர் பொருள்கள் இலவசம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதே தொப்பியையும் பையையும் வெளியே விலை கேட்டுப் பார்த்தால் பாதிகூட இருக்காது!

புது மாடல் வரப் போகிறது என்றால் பழைய மாடலின் கோட்டைக் கம்பெனியே இறக்கி விடும். விவரம் தெரிந்தவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

ஒரு ஓட்டில் மாறிய சட்டம்

குறைந்தபட்ச விலையைக் கட்டிப் போடுவதற்கு அமெரிக்காவில் முன்பு தடை இருந்தது. 1911-ல் ஒரு மருந்துக் கம்பெனி வழக்கில், கடைக்காரர் இந்த விலைக்குக் கீழே விற்கவே கூடாது என்று கட்டாயப்படுத்துவது சட்ட விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொன்னது.

96 வருடம் அதுதான் சட்டம். பிறகு வந்தது கைப்பை வழக்கு!

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஜவுளிக் கடை. தோல் பொருள் கம்பெனி ஒன்றின் சரக்கை 20 சதவீதம் தள்ளி விற்றது. கம்பெனி சரக்கை நிறுத்தியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2007 ஜூனில் தீர்ப்பு. 5 நீதிபதிகள் கம்பெனி பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஓட்டில் பழைய தடை தகர்ந்தது! 'எல்லாமே குற்றம் அல்ல, ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்' என்றாகி விட்டது.

விற்பனை விலையையே கட்டுவதற்கு இந்த நிலை என்றால், விளம்பர விலையை மட்டும் கட்டும் கம்பெனிகளுக்குக் கேட்கவா வேண்டும்?

இங்கிலாந்தில் இந்தப் பாச்சா பலிக்காது. 2016-ல் குளியலறைச் சாமான் கம்பெனி ஒன்றுக்கும், ஓட்டல் குளிர்ப்பெட்டி கம்பெனி ஒன்றுக்கும் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் அபராதம் போட்டது. காரணம்? இன்டர்நெட் விளம்பரத்தில் குறைந்த விலை போடக் கூடாது என்று கடைக்காரர்களைக் கட்டியதுதான். ஆஸ்திரேலியாவிலும் தடை உண்டு.

கடைக்காரர் கட்சி என்ன?

கம்பெனியும் சின்ன டீலர்களும் சொல்லும் நியாயம், கல்லாவில் உட்காரும் எவருக்கும் புரியும்.

டிடெக்டர் டீலர்களில் பலர் பெரிய கடைக்காரர்கள் அல்ல. வீட்டு ஷெட்டில் கடை வைத்திருப்பவர்களும் உண்டு. வாடிக்கையாளர் வருகிறார். ஒரு மணி நேரம் எடுத்துக் காட்டச் சொல்கிறார். மைதானத்துக்குக் கூட்டிப் போய் ஓட்டிக் காட்டச் சொல்கிறார். ஆணி எப்படிக் கத்தும், வெள்ளி எப்படிக் கத்தும் என்று பாடம் கேட்டுக் கொள்கிறார்.

அப்புறம்? "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று போய், 20 டாலர் குறைவாக விற்பவனிடம் வாங்கி விடுகிறார்!

விலைக்கோடு இல்லாவிட்டால் பாடம் சொல்லும் டீலர் கடையை மூட வேண்டியதுதான் என்பது அவர்கள் வாதம். வாங்குகிறவர் கட்சி வேறு: "எனக்குப் பாடம் வேண்டாம். மெஷின் மட்டும் போதும். எனக்கு எதற்கு அந்தச் செலவு?"

இரண்டிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

'இரட்டை ஆழம்' புளுகு

வாங்குகிறவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் விலை அல்ல, 'ஆழம்'தான்! "பழசு 8 அங்குலம் காட்டும். இது அதைப் போல இரண்டு மடங்கு!" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

விஞ்ஞானம் வேறு கணக்குச் சொல்கிறது. தட்டிலிருந்து கிளம்பும் காந்த அலை கீழே போகப் போக வேகமாகத் தேயும். நாணயத்தில் பட்டுத் திரும்பும்போதும் அதே மாதிரி தேயும். ஆழம் இரண்டு மடங்கானால், சின்ன நாணயத்திலிருந்து திரும்பும் சிக்னல் ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகி விடும்!

ஆகவே நாலு மடங்கு விலை கொடுத்தாலும் நாலு மடங்கு ஆழம் கிடைக்காது. ஓரிரு அங்குலம் கூடலாம்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? இரும்புச் சத்து நிறைந்த செம்மண்ணில் சாதாரணக் கருவி ஓயாமல் கத்தும். விலை உயர்ந்த கருவி மண்ணின் சத்தத்தை ஒதுக்கி விட்டுத் தங்கத்துக்கு மட்டும் குரல் கொடுக்கப் பார்க்கும். ஆஸ்திரேலியத் தங்க வயலுக்கு அது அவசியம். வீட்டுத் தோட்டத்தில் நாணயம் தேடுகிறவருக்கு எதற்கு?

ஓட்டல் ரூமில் போன ரகசியம்

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அதிலும் ஆபத்து!

மைன்லேபின் தாய்க் கம்பெனி, அடிலெய்டு நகரத்துக் கோடான். அதன் ஊழியர் ஒருவர் சீனாவுக்குப் போனார். தங்கிய ஓட்டலில் இன்டர்நெட்டை லேப்டாப்பில் இணைத்தார். திருட்டு மென்பொருள் உள்ளே புகுந்தது. கருவியின் வரைபடமே களவு போனது!

கொஞ்ச காலத்தில் டூப்ளிகேட் கருவிகள் ஆப்பிரிக்கத் தங்கச் சந்தைகளில் குவிந்தன. பார்வைக்கு அசல் மாதிரியே! விலை பல மடங்கு மலிவு. அசல் கம்பெனி வேறு வழியின்றித் தன் கருவி விலையை 4,000-லிருந்து 2,500 ஆஸ்திரேலிய டாலராக இறக்கியது. 4 கோடியே 50 லட்சம் டாலராக இருந்த கம்பெனி லாபம், 2014 ஜூனில் முடிந்த வருடத்தில் 92 லட்சமாகச் சரிந்தது.

கம்பெனிக்கு நஷ்டம் லாபத்தில். போலியை வாங்கி மண்ணில் இறங்கிய ஏழைத் தொழிலாளிக்கோ நஷ்டம் சோற்றில்! கருவி ஊமையாக இருந்தால் கீழே தங்கம் இல்லையா, கருவி சரியில்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

20 டாலர் பொம்மை

இதற்கும் மேலே போனவன் ஒரு பிரிட்டிஷ் வியாபாரி. கோல்ஃப் பந்து தேடித் தருவதாக 20 டாலருக்கும் குறைவாக விற்ற வேடிக்கைப் பொம்மையைப் பார்த்தான். ஏரியல் கம்பி துருத்திக் கொண்டிருக்கும் வெறும் பிளாஸ்டிக் கைப்பிடி. உள்ளே ஒன்றும் கிடையாது.

அதையே மாற்றி 'வெடிகுண்டு காட்டும் கருவி' என்று பெயர் வைத்தான். ஒன்று 27 ஆயிரம் பவுண்டு வரை விற்றான்! ஈராக் நாட்டுச் சோதனைச் சாவடிகளில் ஆயிரக்கணக்கில் அதை நம்பி நின்றார்கள். 2013 மே மாதம் லண்டன் கோர்ட்டு அவனுக்கு 10 வருடம் ஜெயில் கொடுத்தது.

பேட்டரி இல்லாமல், அரை மைல் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று யாராவது கம்பியை நீட்டினால், அவன் இவன் தம்பிதான்!

வாங்குமுன் என்ன செய்யலாம்?

பரீட்சை ரொம்ப சுலபம். டீலர் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். நாலு டப்பாவில் ஒன்றில் மட்டும் மோதிரத்தைப் போட்டு மூட வேண்டும். "இப்போ தேடுங்க" என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை செய்து பார்த்தால் பூனை வெளியே வந்து விடும்! அசல் கருவிக்கு இது சர்வசாதாரணம்.

அடுத்தது கியாரண்டி. அங்கீகரித்த டீலரிடம் வாங்காத கருவியைப் பல கம்பெனிகள் பழுது பார்க்காது. சீரியல் நம்பரைக் கம்பெனியிடமே கேட்டு விடுவது நல்லது.

கியாரண்டியும் சாசுவதம் அல்ல! அரிசோனா மாநிலத்து டெசோரோ கம்பெனி, முதலில் வாங்கியவருக்கு ஆயுள் கால கியாரண்டி கொடுத்துப் பேர் வாங்கியது. 2018-ல் கம்பெனியே ஆயுளை முடித்துக் கொண்டது. 1950-ல் பிறந்த ஒயிட்ஸ் கம்பெனியும் 2020-ல் மூடப்பட்டது.

நம்ம ஊரில்...

இதைப் படித்து விட்டு யாருக்காவது ஆசை வந்தால், ஒரு சட்டத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தகவல் கொடுத்தாக வேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில்!

கடைசியாக, அந்த இரண்டரை பவுண்டு ஆசாமி. அவருடைய கதையைக் கேட்டு எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கருவி வாங்கியிருப்பார்கள். அவருக்குத் தங்கம் கிடைத்தது கருவியின் விலையால் அல்ல. அந்த வயலில் தங்கம் இருந்ததால்!

அதை மட்டும் எந்த டீலராலும் கொசுறாகக் கொடுக்க முடியாது.