மிதிவண்டி உரசல் புண்

மிதிவண்டி உரசல் புண் என்பது நெடுநேரம் மிதிவண்டி ஓட்டுவோருக்குத் தொடையின் உட்பகுதி, தொடை இடுக்கு, பிட்டம் ஆகிய இடங்களில் தோல் தேய்ந்து சிவந்து எரிவதையும், முற்றிய நிலையில் தோல் உரிந்து நீர் கசிவதையும் குறிக்கும். தொடக்கத்தில் இது சிறு எரிச்சலாகவே தோன்றும். கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் கிருமி புகுந்து சீழ்க்கட்டியாக மாறலாம். பெரும்பாலான உரசல் புண்கள் தடுக்கக்கூடியவை. வந்தபின் தவறான களிம்பைப் பூசுவதாலேயே பலருக்கு இது நீண்ட நாள் தொல்லையாகிறது.

புதுக்கோட்டை மாவட்டமும் மிதிவண்டியும்

தமிழ்நாட்டில் மிதிவண்டியின் வரலாற்றைப் பேசும்போது புதுக்கோட்டை மாவட்டத்தை விட்டுவிட முடியாது. 1991ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். ஊரகப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பொதுவெளியில் நடந்த மிதிவண்டி நிகழ்ச்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றதாக இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவு கிடைக்காததால் பலர் குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அக்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

இவ்வரலாறு இக்கட்டுரைக்குத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. உரசல் புண் குறித்த அறிவுரைகள் பெரும்பாலும் விலையுயர்ந்த பந்தய வண்டியும் அதற்கென்று தைத்த உடையும் வைத்திருப்போரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சேலை, சுடிதார், வேட்டி, பள்ளிச் சீருடை ஆகியவற்றோடு சாதாரண வண்டி ஓட்டுவோரின் தோலும் அதே விதிகளின்படியே தேய்கிறது. ஆனால் தேயும் இடமும் காரணமும் சற்று வேறுபடும்.

இம்மாவட்டத்தில் உள்ள சித்தன்னவாசல், பாண்டியர் கால ஓவியங்களைக் கொண்ட அறிவர் கோயில் குடைவரைக்காகவும், ஏழடிப்பட்டம் என்னும் சமண முனிவர் கற்படுக்கைகளுக்காகவும் அறியப்பட்ட ஊராகும். புதுக்கோட்டையிலிருந்து இது ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலும், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 58 கி.மீ. தொலைவிலும் உள்ளது. எனவே உரசல் புண் எப்போது வரும், எப்போது வராது என்பதை விளக்க இவ்வூர் நல்லதோர் எடுத்துக்காட்டு. புதுக்கோட்டையிலிருந்து சென்று திரும்புபவர் 32 கி.மீ. ஓட்டுகிறார், பொதுவாக அவருக்கு ஒன்றும் நேராது. திருச்சியிலிருந்து சென்று திரும்புபவர் 110 கி.மீ.க்கு மேல் ஓட்டுகிறார். முன்னேற்பாடு இல்லையெனில் திரும்பும் வழியில் எரிச்சல் தொடங்கிவிடும்.

புண் உண்டாகும் விதம்

மிதிகட்டை நிமிடத்துக்கு 60 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தொடையும் 3,600 முறை இருக்கையின் விளிம்பை உரசிச் செல்லும். ஆறு மணி நேரத்தில் இது 21,600 முறையாகும். ஒவ்வோர் உரசலும் மிகச் சிறியதே. ஆனால் தோலின் மேலடுக்கு மெல்லியது. அதற்கு ஓய்வு கிடைப்பதில்லை.

உரசலோடு ஈரம் சேரும்போதுதான் நிலைமை மோசமாகிறது. வியர்வையில் ஊறிய தோல் மென்மையாகி, உலர்ந்த தோலைவிட எளிதில் உரியும். ஈரத்தோலில் துணி வழுக்கிச் செல்லும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு எதிரானது. லேசாக ஈரமான தோலில் துணி ஒட்டிக்கொண்டு இழுப்பதால் உராய்வு கூடுகிறது. ஈரம் பட்ட விரலால் நூலின் தாளைப் புரட்டுவது எளிதாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது காரணி உப்பு. வியர்வை உலரும்போது அதிலுள்ள உப்பு சிறு படிகங்களாகத் துணியிலும் தோலிலும் தங்குகிறது. இவை உப்புத்தாள் போலத் தேய்க்கும். சித்தன்னவாசல் பயணத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். காலையில் நனைந்த உடையோடு வந்து சேர்பவர் வண்டியை நிறுத்திவிட்டுக் குடைவரையைப் பார்க்கிறார், வெயிலில் பாறை மேல் ஏறி ஏழடிப்பட்டம் செல்கிறார். ஓரிரு மணி நேரத்தில் உடை உலர்ந்து, கறுப்புத் துணியாயின் வெள்ளைக் கோடுகள் படிகின்றன. அதே உடையோடு மீண்டும் இருக்கையில் அமரும்போது உப்பேறிய துணி, ஏற்கெனவே மென்மையான தோலைத் தேய்க்கத் தொடங்குகிறது. போகும்போது இல்லாத எரிச்சல் வரும்போது ஏற்படுவதற்குக் களைப்பைவிட இதுவே பெரிய காரணம்.

இவ்வகைப் புண்ணை 'உடம்புச் சூடு' என்று கூறி வெந்தயமும் மோரும் உட்கொள்ளும் வழக்கம் உண்டு. வெயிலில் ஓட்டுபவருக்கு மோர் நல்லதே. ஆயினும் புண் உள்ளிருந்து வருவதன்று, அது தேய்மானம்.

தடுப்பு முறைகள்

முதலில் சரிசெய்ய வேண்டியது இருக்கையின் உயரம். இருக்கை அளவுக்கு மீறி உயரமாக இருந்தால், மிதிகட்டையை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் உரசல். இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டை அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். இதுவே எளிய அளவுகோல். வாடகை வண்டியோ பிறர் வண்டியோ எடுத்துச் செல்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஒரு திருகியைத் தளர்த்தி இறுக்கும் வேலைதான்.

இருக்கையின் அகலமும் முக்கியம். உடலின் எடையை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள் தாங்க வேண்டும். இவற்றின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். இருக்கை மிகக் குறுகியதாயின் எடை மென்தசையில் விழும். மிக அகலமாயின் தொடை அதன் விளிம்பில் உரசும். பஞ்சு போன்ற தடித்த உறை போடுவது குறுகிய தொலைவுக்கு இதமாக இருக்கும். நீண்ட பயணத்தில் அது அமுங்கி, உடலோடு சேர்ந்து அசைந்து, வெப்பத்தையும் ஈரத்தையும் தக்கவைப்பதால் தீங்கே அதிகம்.

உடையைப் பொறுத்தவரை, தையல் மடிப்புகள் இருக்கையில் படக்கூடாது என்பதே அடிப்படை விதி. ஜீன்ஸ் கால்சட்டையின் நான்கு தையல்களும் சந்திக்கும் இடம் சரியாக உடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் அமைகிறது. நெடும்பயணத்துக்கு இதைவிடப் பொருந்தாத உடையைக் கூறுவது கடினம். பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சித் தக்கவைக்கும். திண்டு வைத்துத் தைத்த மிதிவண்டிக் கால்சட்டையை உள்ளாடையின்றியே அணிய வேண்டும். கூச்சத்தால் பலர் உள்ளாடையோடு அணிகின்றனர். அப்போது உள்ளாடையின் விளிம்பே புண்ணை உண்டாக்குவதால் அதற்குக் கொடுத்த பணம் வீணாகிறது. சேலை அல்லது சுடிதார் அணிபவர்கள் உள்ளே தொடை வரை நீளும் இறுக்கமான, தையல் குறைந்த கால்சட்டை அணிந்தால் தொடைகள் ஒன்றோடொன்று உரசுவது நிற்கும். பாவாடை நாடாவை இறுகக் கட்டினால் இடுப்பிலும் இதே வகைப் புண் வரும். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைப்பது அழுத்தத்தைப் பரப்பும்.

புறப்படும் முன் உரசும் இடங்களில் வழுவழுப்பான பொருளைப் பூசுவது பயன் தரும். பெட்ரோலியம் ஜெல்லி மலிவானது, நெடுநேரம் நிற்கும், ஆனால் துணியில் கறையாகும். தேங்காய் எண்ணெயும் உதவும். துணி அதை விரைவில் உறிஞ்சிவிடுவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். முகப்பவுடர் வியர்வையில் கட்டிகட்டியாகி அதுவே உரசும். நெடும்பயணத்துக்கு அது ஏற்றதன்று. அப்பகுதி முடியை மழிப்பதையும் தவிர்க்கலாம். மழித்த முடி மீண்டும் முளைக்கும்போது தோலுக்குள் வளைந்து கட்டியை உண்டாக்கும்.

ஓட்டும்போது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிதிகட்டைகளின் மேல் எழுந்து நிற்பது அழுத்தத்தைக் குறைத்துக் காற்றோட்டம் தரும். இடைநிறுத்தத்தில் உப்பைத் துடைப்பதே பெரிய பயன் தருவது. சித்தன்னவாசல் போன்ற இடத்தில் இறங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் மாற்று உடை அணிந்து, மீண்டும் ஜெல்லி பூசிக்கொள்பவருக்குத் திரும்பும் பயணம் புதிய பயணமாகிவிடும். ஒரு மாற்று உடையின் எடை தண்ணீர்ப் புட்டியைவிடக் குறைவு.

சிகிச்சை

தோல் சிவந்து எரியும் நிலையில், வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ பூசலாம். இரவில் தளர்ந்த பருத்தி உடை போதும். ஆறும்வரை வண்டி ஓட்டாதிருப்பதே முதன்மையான மருந்து. எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, நீர் கலக்காத கிருமிநாசினி ஆகியவற்றை உரிந்த தோலில் இடுதல் கூடாது.

கட்டி தோன்றினால் அதைப் பிதுக்கக் கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாளுக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, மிகுந்த வலி ஆகியவை இருந்தாலும், புண்பட்டவருக்கு நீரிழிவு இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உலகத்தர வீரர்களையே இப்புண் வீழ்த்தியிருக்கிறது. 1987ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, முடிவுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் இருக்கைப் புண்ணால் விலக நேர்ந்தது.

படர்தாமரையோடு குழப்பம்

தொடை இடுக்கில் வரும் எல்லாச் சிவப்பும் உரசல் புண் அன்று. அதே இடத்தில் வரும் படர்தாமரை பூஞ்சையால் உண்டாவது. உரசல் புண் எரியும். துணி பட்ட இடத்தில் மட்டும் இருக்கும். ஓய்வெடுத்தால் சில நாட்களில் ஆறும். படர்தாமரை பெரும்பாலும் அரிக்கும்; விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்து வட்டமாகப் பரவும்; ஓய்வால் ஆறாது. ஈரமான உடையோடு நெடுநேரம் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இவ்வேறுபாட்டை அறியாமல் மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு வாங்குவது இந்தியாவில் பெருஞ்சிக்கலாகியுள்ளது. அவ்வாறு விற்கப்பட்ட பல களிம்புகளில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. பூசியதும் சிவப்பும் அரிப்பும் அடங்கும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத படர்தாமரை நாட்டில் பரவியதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்களால் கருதப்படுகிறது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத அட்டவணையில் சேர்த்தது. ஒரு வாரம் ஓய்வெடுத்தும் ஆறாத, அரிக்கும் சிவப்புக்கு எந்தக் களிம்பையும் பூசும் முன்பே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். களிம்பு பூசியபின் அதன் வட்ட வடிவம் மறைந்துவிடுவதால் நோயை இனங்காண்பது மருத்துவருக்கும் கடினமாகிறது.